ரகுசு தைக்கிறேன், துணி சுருங்குது. கைத்தையல் தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் எல்லாருக்கும். ஜப்பானிய பௌத்தப் பிரிவான சோட்டோ ஜென்ல ஜுகாய்னு சீலம் ஏத்துக்கிற சடங்குக்கு முன்னாடி நம்ம ரகுசுவ நாமளே கையால தைக்கிற வழக்கம் இருக்கு, எங்க குழுவுல மிஷின் கிடையாது. ரகுசுங்கிறது கழுத்துல மாட்டுற சின்ன காஷாயம், அதாவது பௌத்தத் துறவி அங்கியோட சின்ன வடிவம். மகத நாட்டு வயலையும் வரப்பையும் காட்டி இதே மாதிரி தைக்க முடியுமான்னு புத்தர் தன் சீடர் ஆனந்தர்கிட்ட கேட்டாராம், அந்த வடிவத்துல 5 பட்டி வரும். ஒவ்வொரு தையலுக்கும் "நமு கியே புட்சு", அதாவது புத்தரைச் சரணடைகிறேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டே ஊசிய இழுக்கணும், எனக்கு இந்த ஒண்ணுக்காகவே தினமும் சாயங்காலம் எப்ப வரும்னு இருக்கு.

பேக் ஸ்டிட்ச்தான் போடுறேன், வெளிப்பக்கம் ரவை மாதிரி சின்னப் புள்ளி மட்டும் தெரியணும். முதல் 2 பட்டி நல்லா வந்துச்சு. மூணாவதுல புள்ளியெல்லாம் நேராத்தான் இருக்கு ஆனா வரப்பு ஓரம் அலை அலையா சுருங்கி நிக்குது, ஒத்தை நூல், மெல்லிசு காட்டன், ஒருவேளை மனசு எங்கயோ போனப்ப நூலை இறுக்கி இழுத்துட்டேனோ தெரியல.

அயர்ன் பண்ணா படியுமா, இல்ல முழுசா பிரிக்கணுமா? பிரிச்சா பழைய ஊசி ஓட்டை தெரியுமா? நூலுக்கு மெழுகு தடவலாமா? அனுபவம் உள்ளவங்க ப்ளீஸ் சொல்லுங்க, அதுவரைக்கும் நாலாவது பட்டியத் தொடல.