அலை இல்லாத தண்ணியில பந்தயம்: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

சனிக்கிழமை

மலர் அத்தை: யாழினி, உன் ஸ்டேட்டஸ்ல இருந்த வீடியோ பாத்தேன். ஏரி முழுக்க ஆளுங்க பலகை மேல நின்னுக்கிட்டு துடுப்பு போடறாங்களே, என்னடி அது? சர்ஃபிங் போர்டு மாதிரி இருக்கு. அது கடல்ல தானே?

யாழினி: சர்ஃபிங்ல இருந்து வந்தது தான் அத்தை. ஸ்டாண்ட்-அப் பேடில்னு சொல்லுவாங்க. ஹவாய்ல வைக்கீக்கி கடற்கரையில சர்ஃபிங் சொல்லிக் குடுக்கறவங்க முன்னயே இப்படி நின்னுக்கிட்டு துடுப்பு போடுவாங்களாம். 2000 வாக்குல லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா மாதிரி பேர் பெத்த சர்ஃபிங் ஆளுங்க மறுபடி கையில எடுத்தாங்க, அங்கேருந்து பரவிடுச்சு

யாழினி: ஆனா இப்ப கடல விட்டு உள்ளுக்கு வந்துடுச்சு. ஏரி, ஆறு, கால்வாய், அணைத் தண்ணின்னு எல்லா எடத்துலயும் பந்தயம் நடக்குது. அடுத்த மாசம் நடக்கற ஏரிப் பந்தயத்துக்கு நானும் பேர் குடுத்துட்டேன்

நிலா: அக்காஆஆஆ

சுந்தர் மாமா: பந்தயமா? நீ தனியாவா?

யாழினி: தனியா இல்ல மாமா. எங்க பயிற்சிக் குழுவுல பாதிப் பேர் வராங்க

கதிர்: எவ்ளோ வேகம் போகும்?

யாழினி: பொழுதுபோக்கா போறவங்க மணிக்கு 5, 6 கி.மீ. போவாங்க. உலக அளவுல ஆடறவங்க நீண்ட தூரத்துல 10 கி.மீ.ய ஒட்டிப் போவாங்க

கதிர்: அவ்ளோ தானா? நான் காலையில ஓடறதே அந்த வேகம் தான். இதுல என்ன பந்தயம் இருக்கு?

யாழினி: அண்ணா, இதக் கேட்டீங்கல்ல, இனி முழுசாப் படிக்கணும்

யாழினி: பலகை நகர்றப்ப முன்மூக்குல ஒரு அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலையோட நீளமும் கூடும். அலை நீளம் பலகையோட நீளத்துக்கு வந்துட்டா சிக்கல். அதுக்கு மேல போகணும்னா நாம எழுப்பின அலை மேலயே நாம ஏறணும். இன்னும் ஒரே ஒரு கி.மீ. வேகம் கூட்ட உசுரக் குடுத்து இழுக்கணும். 14 அடிப் பலகைக்கு அந்த எல்லை 9 கி.மீ. சொச்சம். பத்தரை அடிப் பலகைக்கு 8. அதனால தான் பந்தயப் பலகையெல்லாம் நீளமா, ஒடுக்கமா இருக்கும். அந்த எல்லைக்கு மேல ஒரு மணி நேரம் விடாம நிக்கறாங்க பாருங்க, அவங்கள நெனச்சா எனக்கு இப்பவும் மலைப்பா இருக்கு

கதிர்: ஓ. அப்ப முன்னால போறவன் பின்னாடி ஒட்டிக்கிட்டா? சைக்கிள் பந்தயத்துல காத்த மறைச்சுக்கிட்டுப் போவோம்ல, அந்த மாதிரி

யாழினி: அதே தான் அண்ணா! இங்கயும் டிராஃப்டிங்னு தான் சொல்றோம். ஆனா இங்க மறைக்கறது காத்த இல்ல. முன்னால போறவரோட பலகை பின்னால விட்டுட்டுப் போற அலை இருக்கே, அதுல நம்ம மூக்க ஏத்தி வெச்சிடணும். சரியா உக்காந்துடுச்சுன்னா இழுவை சட்டுனு லேசாயிடும். ஒரு முழம் பின்தங்கினாப் போச்சு, அலை நழுவிடும். திரும்பப் பிடிக்கறதுக்குள்ள மூச்சு முட்டிடும்

யாழினி: நாலஞ்சு பேர் வரிசையா ஒரே தாளத்துல துடுப்பு போட்டுட்டுப் போவாங்க. முன்னால போறவர் களைச்சதும் ஒதுங்கி வழி விடுவார், அடுத்தவர் முன்னால வருவார். பல பந்தயத்துல விதியே இருக்கு: ஒரே அளவுப் பலகைக்காரங்க பின்னால தான் ஒட்டலாம், ஆண்களோட அலையில பெண்கள் ஒட்டக் கூடாது

மலர் அத்தை: அட, இவ்ளோ இருக்கா இதுல

நிலா: தாத்தா குரல் பதிவு அனுப்ப வரலைன்னு சொல்றாரு. அவர் சொல்றத நான் அப்படியே டைப் பண்றேன்

நிலா: "யாழினி கண்ணு, நான் படகு தள்ளின காலத்துல ஒண்ணு பாத்திருக்கேன். ஆழம் கொறஞ்ச எடத்துக்கு வந்ததும் படகு கனத்துப் போகும். தரை தட்டாது, ஆனா யாரோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். உங்க பலகைக்கும் அப்படி ஆகுமா?"

யாழினி: தாத்தா!! அப்படியே ஆகும் தாத்தா. எங்க பயிற்சியாளர் மொத நாளே சொன்னது இது

யாழினி: ஆழம் கொறையக் கொறைய அலை ஓடற வேகமும் கொறைஞ்சிடும். ஒரு மீட்டர் ஆழத்துல மணிக்கு 11 கி.மீ., அரை மீட்டர்ல 8 கி.மீ. தான். நாங்க போட்டி போடற வேகம் சரியா இதுக்கு நடுவுல வருது. அதனால முழங்கால் ஆழத்துல போனா நம்ம அலை நம்மளயே புடிச்சு வெச்சுக்கும். வால் அமுங்கி மூக்கு தூக்கிக்கும்

யாழினி: ஏரியில கரையோரமா குறுக்க வெட்டிப் போனா தூரம் மிச்சம்னு போறவங்க பின்தங்கறது இதனால தான். ஆத்துல இன்னும் கஷ்டம் தாத்தா. எதிர்த் தண்ணியில போறப்ப நடுவுல ஓட்டம் ஜாஸ்தி, கரையோரம் ஓட்டம் கம்மி. ஆனா கரையோரம் ஆழம் இல்ல. எந்த எடத்துல கரைய விட்டு வெளிய வரணும்னு தண்ணி நிறத்தப் பாத்தே முடிவு பண்ணணும். எனக்கு இது இன்னும் சரியா கை வரல, ஆனா இதுல தான் எனக்கு ஆசையே

நிலா: தாத்தா சிரிக்கறாரு. "தண்ணியப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு தான் துடுப்பு"ன்னு சொல்றாரு

மலர் அத்தை: யாழினி, 14 அடிப் பலகைய எங்கடி வெச்சுக்குவ? வீட்டுக்குள்ள நுழையாதே

யாழினி: அத்தை, இது இவ்ளோ பரவினதுக்குப் பெரிய காரணமே அதுக்கு வழி கெடச்சது தான். காத்தடிக்கற பலகை வந்துடுச்சு. மேல் துணிக்கும் கீழ் துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நூல் கோத்துத் தெச்சிருப்பாங்க. அதனால காத்து ஏறினதும் பந்து மாதிரி உப்பாம தட்டையா, கெட்டியா நிக்கும். 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரைக்கும் காத்தடிப்போம், பந்தயப் பலகையில அதுக்கு மேலயும். சுருட்டினா முதுகுப் பைக்குள்ள போயிடும், பஸ்ல கூட எடுத்துட்டுப் போகலாம்

மலர் அத்தை: அத வெச்சுப் பந்தயத்துல கலந்துக்க விடறாங்களா?

யாழினி: விடறாங்க அத்தை. நிறைய பந்தயத்துல அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. ஃபைபர் பலகை அளவுக்கு வேகம் வராது. ஆனா எல்லாரும் அதே வகையில நிக்கறப்ப போட்டி சமம் தானே. உலக சாம்பியன் கிளம்பற அதே கோட்டுல, ரெண்டு வரிசை தள்ளி, முதல் தடவை வரவங்களும் நிப்பாங்க. எந்த விளையாட்டுல இது கெடைக்கும் சொல்லுங்க

கதிர்: எங்கல்லாம் நடக்குது? பெரிய பந்தயம்னு எதச் சொல்லுவாங்க?

யாழினி: எனக்கு ரொம்பப் பிடிச்சது நெதர்லாந்துல நடக்கறது அண்ணா, 11 நகரப் பந்தயம். ஃப்ரீஸ்லாந்துங்கற மாகாணத்துல லேவார்டன்ல கிளம்பி, கால்வாய் வழியாவே பதினொரு ஊர சுத்தி, அங்கயே வந்து முடிக்கணும். 5 நாள்ல 220 கி.மீ.! வழியில பாலமெல்லாம் ரொம்பத் தாழ்வு, குனிஞ்சோ மண்டி போட்டோ தான் கடக்கணும்

யாழினி: அது அங்க பழைய பனிச்சறுக்குப் பாதை. கால்வாய் உறைஞ்சா அதே வழியில 200 கி.மீ. சறுக்குப் பந்தயம் வெப்பாங்க. ஆனா 1997க்கு அப்புறம் போதுமான அளவுக்கு உறையவே இல்ல, அந்தப் பந்தயம் நடக்கவும் இல்ல. பனி வராத அதே பாதையில இப்ப வருஷா வருஷம் துடுப்போட போறாங்க

கதிர்: 220 கி.மீ. நின்னுக்கிட்டே. பாதம் என்னத்துக்கு ஆகும்!

யாழினி: பாதம் மரத்துப் போகும் அண்ணா. வெரல அசைச்சுட்டே இருக்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க. கனடாவுல யூகான் ஆத்துப் பந்தயம் இன்னும் நீளம். வைட்ஹார்ஸ்ல இருந்து டாசன் வரைக்கும் 700 கி.மீ.க்கு மேல. அது கனூ, கயாக்குன்னு உக்காந்து துடுப்பு போடற சின்னப் படகுங்களுக்குன்னே இருந்த பந்தயம், 2016ல இருந்து நின்னு துடுப்பு போடறவங்களயும் சேத்துக்கிட்டாங்க. ஃப்ரான்ஸ்ல அன்னெசி ஏரியில நடு ஜனவரியில நடக்கும், கரையெல்லாம் பனி. 2021 உலகப் போட்டி ஒண்ணு ஹங்கேரியில பாலட்டன் ஏரியில நடந்துச்சு. கடலே இல்லாத நாடு அண்ணா அது

சுந்தர் மாமா: ஒலிம்பிக்ஸ்ல இருக்கா?

யாழினி: இன்னும் இல்ல மாமா. உலக சர்ஃபிங் சங்கம் 2012ல பெருவுல மொத உலகப் போட்டி வெச்சாங்க. உலக கனூ சங்கம் 2019ல சீனாவுல சிங்தாவ்ல வெச்சாங்க. ரெண்டு பேரும் எங்களோடதுன்னு விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனாங்க. ஒலிம்பிக்ஸ் அளவுல சர்ஃபிங் சங்கம் தான்னு 2020ல தீர்ப்பாச்சு, கனூ சங்கமும் போட்டி நடத்தலாம்னு விட்டுட்டாங்க. அதனால இன்னிக்கும் ரெண்டு உலக சாம்பியன் பட்டம் இருக்கு. ஆடறவங்க ரெண்டுக்கும் போயிட்டு வராங்க

சுந்தர் மாமா: சரி. எனக்கு ஒண்ணு தான் கவலை. ஏரி தானே, அலை இல்லையேன்னு எல்லாரும் எறங்கிடறாங்க. தேங்கின தண்ணி தான் ஆள முழுங்கும். நீ எனக்கு ஒவ்வொண்ணா சொல்லு. விழுந்தா என்ன பண்ணுவ?

யாழினி: கேளுங்க மாமா, இதச் சொல்லத்தான் நானும் நெனச்சேன். விழுந்தா பலகை தான் நம்ம தெப்பம். அது நம்மள விட்டுப் போகக் கூடாது. அதுக்கு லீஷ்னு ஒரு கயிறு, காலுக்கும் பலகைக்கும் நடுவுல. ஏரிக்கு சுருள் கயிறு, தண்ணியில இழுபடாம பலகை மேலயே கெடக்கும்

யாழினி: ஓடற ஆத்துல மட்டும் கணுக்கால்ல கட்டவே கூடாது மாமா. முங்கின மரக்கிளையிலயோ தூண்லயோ கயிறு மாட்டிக்கிச்சுன்னா ஓட்டம் ஆளக் கீழ அழுத்திடும், குனிஞ்சு கால அவுக்க முடியாது. அதனால ஆத்துக்கு இடுப்பு பெல்ட். முன்னால ஒரு குமிழ் தொங்கும், புடிச்சு இழுத்தா மொத்தமும் கழண்டுடும். கண்ண மூடிட்டு ரெண்டு கையாலயும் தனித்தனியா இழுத்துப் பழகணும்

சுந்தர் மாமா: தடுப்பணை இருக்கற ஆறுன்னா?

யாழினி: அந்தப் பக்கமே போகக் கூடாது. 2021 அக்டோபர்ல வேல்ஸ்ல ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட்ல ஒரு குழு பெருக்கெடுத்த ஆத்துல பேடில்போர்டுல போனாங்க. வழியில தடுப்பணை. நாலு பேர் உசுரு போயிடுச்சு மாமா. மேல இருந்து பாத்தா தண்ணி சும்மா வழுக்கிட்டுப் போற மாதிரி தான் தெரியும். கீழ விழுந்த தண்ணி திரும்பச் சுழண்டு அணைப் பக்கமே வரும், உள்ள மாட்டினவங்கள விடாது. நல்ல நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் அதே கதி தான். எங்க குழுவுல புதுசா வர ஒவ்வொருத்தருக்கும் இதச் சொல்லிட்டுத் தான் துடுப்பையே கையில குடுப்பாங்க

மலர் அத்தை: கேக்கவே வயிறு கலங்குது

சுந்தர் மாமா: இப்படி வெளிப்படையா சொல்றது தான் நல்லது மலர். அப்புறம் சொல்லு, லைஃப் ஜாக்கெட்?

யாழினி: கட்டாயம் மாமா. அமெரிக்காவுல கடலோரக் காவல் படை 2008லயே இதப் படகுன்னு வகைப்படுத்திட்டாங்க, அலையாடற பகுதிய விட்டு வெளிய போனா ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் பலகையில இருந்தே ஆகணும். நான் இடுப்புல சுத்தற பெல்ட் மாதிரி வகை வாங்கல, நேரா உடம்புல போடறதே வாங்கிட்டேன்

யாழினி: ஏரியில பெரிய எதிரி காத்து. நிக்கற உடம்பு பாய்மரம் மாதிரி, கரையில இருந்து வீசற காத்து நம்மள நடு ஏரிக்குக் கொண்டு போயிடும். அதனால போறப்பவே காத்துக்கு எதிரா போயிடணும், களைச்சுத் திரும்பறப்ப அது நம்மளத் தள்ளிட்டு வரும். முடியலைன்னா வெக்கப்படாம மண்டி போட்டுடணும். பெரிய பந்தயத்துலயே மண்டி போட்டுத் துடுப்பு போடறவங்களப் பாத்திருக்கேன்

நிலா: அக்கா, நான் வரலாமா?

யாழினி: நீந்தத் தெரியும்ல உனக்கு. மொதல்ல எங்க பயிற்சிக்கு வா. சின்னவங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு, தூரமும் கம்மி. 200 மீட்டர் ஸ்பிரின்ட்டும் உண்டு

நிலா: எது கஷ்டம்?

யாழினி: மிதவைத் திருப்பம்! திரும்ப வேண்டிய எடத்துல அடையாளமா மிதவை போட்டிருப்பாங்க. ஏரிப் பந்தயத்துல ஜெயிக்கறதும் தோக்கறதும் அங்க தான். மிதவைக்கிட்ட வந்ததும் பலகை மேலயே பின்னால நடந்து வாலுக்குப் போகணும். வால் அமுங்கும், தண்ணி கணுக்கால் வரைக்கும் ஏறும், மூக்கு முழுசா மேல தூக்கிக்கும். அந்த நொடியில துடுப்ப வெளிப்பக்கமா அகலமா வளைச்சு இழுத்தா நீளப் பலகை நின்ன எடத்துலயே சுத்திடும். சுத்தின உடனே ஓடி முன்னால வந்துடணும். அரை அடி கூடப் பின்னால போனா பலகை காலுக்குக் கீழ இருந்து பிச்சுக்கிட்டுப் போயிடும். பத்துப் பேர் ஒரே மிதவைய நோக்கி வரப்ப இத்தனையும் பண்ணணும்

கதிர்: நிலாவ விடு, நானே வரேன்

யாழினி: வாங்க அண்ணா! ஒண்ணு மட்டும், கைய வெச்சு இழுக்காதீங்க. துடுப்ப முன்னால நட்டுட்டு, இடுப்பத் திருப்பி பலகையத் துடுப்புக்கிட்டக் கொண்டு வரணும். பாதத்துக்கிட்ட வந்ததும் எடுத்துடணும். அதுக்குப் பின்னால இழுக்கறது வெறும் களைப்பு தான்

நிலா: தாத்தா கேக்கறாரு, "ஆகாயத்தாமரை, பாசி எல்லாம் சிக்காதா?"

யாழினி: சிக்கும் தாத்தா. பலகைக்கு அடியில, வால் பக்கம், மீன் செதில் துடுப்பு மாதிரி ஃபின்னு ஒண்ணு இருக்கும். நேரா நிக்கற ஃபின்னா பாசிய அள்ளிக்கும். ஏரிக்குன்னு பின்னால சாஞ்ச ஃபின் இருக்கு, பாசி வழுக்கிட்டுப் போயிடும்

யாழினி: நல்லவேளை இந்தப் பேச்ச எடுத்தீங்க. ஒரு ஏரியில இருந்து இன்னொரு ஏரிக்குப் போறப்ப பலகை, ஃபின், லீஷ் எல்லாத்தையும் கழுவித் தொடச்சு நல்லா காய வெச்சுத் தான் எடுத்துட்டுப் போகணும். வரிக்குதிரைச் சிப்பின்னு ஒண்ணு, 1988ல அமெரிக்கா கனடா எல்லையில ஒரு ஏரியில கண்டுபிடிச்சாங்க, அப்புறம் படகோட ஒட்டிக்கிட்டு ஏரி ஏரியா பரவிடுச்சு. குஞ்சு கண்ணுக்கே தெரியாது. நாங்க இத்தனை பேர் ஊர் ஊரா பலகையத் தூக்கிட்டுப் போறோம், இந்த ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சே ஆகணும். நாணல் பக்கமும் போக மாட்டோம், பறவை முட்டை வெச்சிருக்கும்

சுந்தர் மாமா: சரிம்மா. நீ எதையும் மறைக்காம சொன்னதே எனக்குப் போதும். பந்தயத்துல காப்பாத்தற படகு இருக்குமா?

யாழினி: இருக்கும் மாமா, ஒவ்வொரு மிதவைக்கிட்டயும் ஆள் நிப்பாங்க. காத்து ஒரு அளவுக்கு மேல போனா தூரத்தக் கொறைப்பாங்க, இல்ல தள்ளி வெப்பாங்க

சுந்தர் மாமா: அப்ப நானும் கரையில நிக்கறேன்

மலர் அத்தை: நாளைக்குப் பயிற்சிக்கு நிலாவ நான் கூட்டிட்டு வரேன். எனக்கும் ஒரு பலகை கெடைக்குமாடி? அகலமானதா?

யாழினி: 32 அங்குல அகலத்துல ஒண்ணு இருக்கு அத்தை, தைரியமா நிக்கலாம். ரெண்டு பேரும் மாத்துத் துணி எடுத்துக்கோங்க. காலையில 6 மணிக்கெல்லாம் வந்துடுங்க, 9 மணிக்கு மேல காத்து எழும்பிடும்