மறு: 'ஆக்சென்ட்' – உச்சரிப்பு வேண்டாம், 'நாவாகு' என்று வைப்போமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரே மொழியை ஊருக்கு ஊர் வேறாக ஒலிக்கும் விதத்தை ஆங்கிலத்தில் 'ஆக்சென்ட்' என்கிறார்கள்; தமிழாக்கத்தில் அதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன்.

> 'ஆக்சென்ட்' என்பதற்கு 'உச்சரிப்பு' என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாம்பனில் மாலை நேரத்தில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பார்வையில்லாத தம்பி ஒருவன் இருக்கிறான். எல்லாமே, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானில்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வான். இன்னொரு காது வகுப்புக்கு. போன வாரம், எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக் நிரலின் குரல் பட்டியலில் மேலும் கீழும் போய் வந்தவன், "சார், இது ஒரு வாட்டி 'பாட்'டுங்குது, ஒரு வாட்டி 'பொட்'டுங்குது. வரி ஒண்ணுதானே?" என்றான். விளையாட்டுக் குழு ஒன்றில் யாரோ ஒருவனை 'பாட்' என்று திட்டியிருந்தார்கள், மனிதன் ஆடவில்லை, நிரல்தான் ஆடுகிறது என்ற பொருளில். அமெரிக்கக் குரலில் வாய் அகன்று 'பாட்'. பிரித்தானியக் குரலில் உதடு குவிந்து 'பொட்'. அந்தப் பட்டியலில் ஸ்காட்லாந்து, லங்காஸ்டர், கரீபியன் என்று ஆங்கிலம் மட்டுமே பல வகை. அதற்குத் தலைப்பாக 'உச்சரிப்பு' என்று தமிழாக்கிக் காட்டினேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி: "அப்ப எது சார் சரியான உச்சரிப்பு?"

அந்தக் கேள்வியில் பிழையில்லை, நான் வைத்த சொல்லில்தான் பிழை. பள்ளிக்கூடத்தில் ழகரத்துக்கு அடி வாங்கிய நாளிலிருந்தே 'உச்சரிப்பு' என்றால் சரி, தப்பு என்ற தராசும் கூடவே வந்துவிடுகிறது. உச்சரிப்பையே தனித்தமிழில் பலுக்கல் என்று மாற்றினாலும் இதே கதைதான். சொல் தூய்மையாகும், தராசு போகாது.

உச்சரிப்புச் சண்டை என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 'கிஃப்' நல்ல எடுத்துக்காட்டு. அந்தப் பட வடிவம் 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட் 2013-இல் இணைய ஆக்கங்களுக்கான வெபி விருது வாங்கியபோது, அது 'ஜிஃப்'தான், 'கிஃப்' அல்ல என்று திரையில் எழுதியே காட்டினார். அப்போதும் சண்டை ஓயவில்லை. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. கவனியுங்கள்: ஒரே தெருவில், ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் 'ஜிஃப்' என்பான், தம்பி 'கிஃப்' என்பான். அது அவரவர் தேர்வு.

'லோல்' அப்படி அல்ல. சிரிப்பைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்தைக் கூட்டிப் படிக்கும்போது அமெரிக்கர் பலர் 'லால்' என்பார்கள். இங்கிலாந்தில் அது 'லொல்'. இதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த எழுத்துக்கு அவர் நாக்கு போகும் இடம் அது. நம் பிள்ளைகள் 'லோலு' என்கிறார்கள். மெய்யில் முடியும் சொல்லுக்குக் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்ப்பது நம் நாக்கின் பழக்கம்.

எதையும் வெறுத்துப் பேசுபவரை இணையத்தில் குறிக்கும் 'ஹேட்டர்' என்பதை எடுங்கள். இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'ட்'டை அமெரிக்கர் நுனிநாவால் ஒரு தட்டுத் தட்டி விட்டுவிடுவார். நம் 'வடை'யில் வரும் டகரத்துக்கு அது பக்கத்துச் சொந்தம். லண்டன் தெருப்பேச்சில் அந்த 'ட்' இருக்கும் இடத்தில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பார்கள். கடைசி 'ர்' காதில் விழவே விழாது. ஸ்காட்லாந்துக்காரரோ அந்த 'ர்'ரை விடமாட்டார். நம்மவர் 'ஹேட்டர்' என்று இரட்டித்தே சொல்வார், ஏனென்றால் ஒற்றை டகரம் என்றால் நமக்கு அது மெலிந்துவிடும். ஒரு வசைச்சொல்லுக்குள் நான்கு ஊர். எது தப்பு?

தலைசிறந்தவரைக் குறிக்கும் 'கோட்'டும் இப்படித்தான். லண்டனில் அந்த ஓகாரம் அகரத்தின் அருகே கிளம்பி உகரத்தில் போய் முடியும். ஸ்காட்லாந்தில் நம்முடைய ஓகாரம் போலவே நேராக நிற்கும். அந்தத் தம்பிக்கு ஸ்காட்லாந்துக் குரல் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சில சொற்கள் பிறந்த ஊரின் நாக்கை எழுத்திலேயே சுமந்து வருகின்றன. புதியவரைக் குறிக்கும் 'நியூபி'யை இங்கிலாந்தில் யகரம் தெரியச் சொல்வார்கள், அமெரிக்காவில் 'நூபி'. அதன் சுருக்கமான 'நூப்' மட்டும் லண்டன்காரர் வாயிலும் 'நூப்'தான், 'நியூப்' ஆவதில்லை.

> ஸ்லாங் என்பதற்குக் 'கொச்சை' போதும்.

போதாது, ஐயா. இணையச் சொற்கள் எல்லாம் கொச்சை அல்ல. நன்னூலார் குழூஉக்குறி என்று ஓர் இடமே ஒதுக்கி வைத்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நாம் படித்தவைதானே. ஒரு கூட்டம் தனக்குள் புழங்கும் சொல், அவ்வளவுதான். 'இணையக் குழூஉக்குறி' என்று வைத்தால் பொருளும் நிற்கும், இழிவும் இராது.

இனி என் சொல். எங்கள் கரையில் வத்தை என்னும் படகு கட்டும் ஓடாவி (படகுத் தச்சர்) ஒருவர், படகின் விலாச் சட்டமான வங்குக்கு மரம் பொறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நேரான கட்டையைத் தொடமாட்டார். வளைந்த கொம்பாகத் தேடி எடுத்து, படகின் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பார். விரலால் நரம்போட்டத்தைத் தடவுவார். "வாகு பாத்து எடுக்கணும் தம்பி. நேர் மரத்த வளைச்சா தெறிச்சுரும்." அந்த வளைவு கோணல் அல்ல, அந்த மரம் வளர்ந்த விதம். உடல்வாகு என்கிறோம், கைவாகு என்கிறோம். நாக்குக்கும் ஒரு வாகு உண்டு. ஆகவே 'நாவாகு'. ஈஸ்பீக் பட்டியலில் 'நாவாகு: ஸ்காட்லாந்து ஆங்கிலம்' என்று வந்தால் எந்தப் பிள்ளையும் எது சரி என்று கேட்காது.

'ஆக்சென்ட்'டுக்குத் 'தொனி' என்று வைக்கலாமே என்றால், ஒரு வரி: அது கோபம், கெஞ்சல் எல்லாவற்றுக்கும் புழங்குகிறது; இங்கே குழப்பும்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து

---

மறு: மறு: 'நாவாகு'

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் சேர்த்து எழுதினால் 'நா ஆகு' என்றும் பிரியுமே? 'பேச்சுவாகு' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

கீழக்கரையில் எங்கள் வாப்பா காலத்தில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை, கடிதமாக எழுதினார்கள். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்கு எழுத்தில் புள்ளியும் குறியும் கூட்டிக்கொண்டார்கள். எழுத்து நாக்குக்கு வளைந்து கொடுத்தது. நீங்கள் சொல்வது அதன் மறுபக்கம், இல்லையா?

இன்னொன்று. 'ஓ மை காட்' என்பதன் சுருக்கமான 'ஓஎம்ஜி' போன்றவற்றை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம், 'லோல்' ஒரே சொல்லாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் பெயர் வேண்டாமா?

---

மறு: மறு: மறு: 'நாவாகு'

கீழக்கரைக் காக்காவுக்கு,

பிரிப்புச் சிக்கல் மெய்தான். ஆனால் 'பேச்சு' என்றால் சொல், தொடர் எல்லாம் உள்ளே வந்துவிடும். அது வட்டார வழக்கின் இடம். மண்டபத்துக்காரரும் தொண்டிக்காரரும் ஒரே சொல்லை வேறு மாதிரி ஒலித்தால் அது நாவாகு. சொல்லே வேறானால் வட்டார வழக்கு. இந்தக் கோட்டை நான் விட விரும்பவில்லை. குழப்பம் வரும் இடத்தில் 'நா வாகு' என்று இடைவெளி விட்டு எழுதலாம்.

ஓஎம்ஜி கேள்வி நல்ல கேள்வி. இணையத்துக்கு வெகுமுன்பே, 1917-இல் பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. தமிழில் இந்தச் சிக்கலே எழுவதில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. திமுக, பாமக என்று எழுத்தெழுத்தாகச் சொன்னாலே அது சொல்லாகிவிடுகிறது. மெய்யெழுத்து நீங்கலாக நம் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசை. ஆங்கிலத்துக்குத்தான் இரண்டு பெயர் தேவை. சின்னப் பிள்ளைகளுக்கு 'எழுத்துக் கூட்டிப் படி' என்கிறோமே, அதிலிருந்தே எடுக்கலாம்: லோல் 'கூட்டொலிப்பு', ஓஎம்ஜி 'பிரித்தொலிப்பு'.

'நாவாகு', 'இணையக் குழூஉக்குறி' இரண்டையும் வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். முதலில் அந்தத் தம்பிக்கு ஒரு முறை ஒலிக்கவிட்டுக் காட்டுகிறேன். 'நா', 'வாகு' இரண்டும் தமிழ்க் குரலில் ஒட்டி ஒலிக்கிறதா, இடைவெளி கேட்கிறதா என்று அவன் காதுதான் சொல்ல வேண்டும்.

பாம்பனிலிருந்து