புதுப்பிப்பு: கொறங்காட்டை உழவில்லை, புல் திரும்பிவிட்டது

காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில், புல் கருகிவிட்டது, உழுது சோளம் விதைக்கலாமா என்று கோடையில் கேட்டிருந்தேன். பலரும் உழச் சொன்னீர்கள். நான் உழவில்லை, அதில் உறுதியாக நின்றதற்கு இன்று மனம் நிறைகிறது.

கிளுவை என்ற முள்மரத்தால் வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் காடுகளில் ஒன்றை முழுவதும் அடைத்துவிட்டு, மாடுகளையும் மேச்சேரி இனச் செம்மறி ஆடுகளையும் மற்றவற்றில் மாற்றி மாற்றி மேய்த்தோம். கொழுக்கட்டைப் புல் மேலே காய்ந்தாலும் தூர் எளிதில் சாவதில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் பழுப்புத் தூர்களின் நடுவிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. அந்தத் தளிரைப் பார்த்ததும் மாட்டை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து! கதிர் விட்டு விதை உதிரும்வரை பொறுக்க வேண்டும்.

சொட்டையாகக் கிடந்த இடங்களில் சென்ற ஆண்டு சேர்த்த விதையைத் தூவினோம். புது விதை சரியாக முளைக்காது, சில மாதங்கள் வைத்திருக்க வேண்டும். காற்றில் பறக்கும் என்பதால் ஈரமண்ணில் பிசைந்து தூவுவது நல்லது.

கோடையில் ஆடுகளைக் காப்பாற்றியவை வெள்வேல மரங்கள்தான். நிழலும் தந்தன, காயும் தந்தன. விறகுக்கு ஒரு கிளைகூட வெட்டக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வேலியில் விழுந்த இடைவெளிகளில் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நடுவது மட்டும் பாக்கி.