புதுப்பிப்பு: தம்பி உலர்கழிவு மையத்தில் சேர்ந்து எட்டு மாதம்

குடியை விட்டபின் எந்த வேலையிலும் ஒரு வாரம் தாண்டாத என் தம்பியை எங்கே சேர்ப்பது என்று போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ஒரு அக்கா சொன்ன யோசனை: பெங்களூரில் வார்டுகளில் இருக்கும் உலர்கழிவு (பிளாஸ்டிக், காகிதம் போன்ற காய்ந்த குப்பை) சேகரிப்பு மையத்தில் கேளுங்கள், முதலில் அரை நாள் மட்டும் அனுப்புங்கள். எங்கள் பக்கத்து மையத்தை நடத்துபவரே முன்பு தெருவில் குப்பை பொறுக்கியவர், தமிழ் பேசுபவர், பழைய கதை எதையும் கேட்காமல் கையுறையைக் கொடுத்துத் தரம்பிரிக்க உட்கார வைத்துவிட்டார். முதல் மாதம் அரை நாள், அப்புறம் முழு நாள். சம்பளம் அவன் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழுகிறது.

எதிர்பாராதது, அவனுக்குப் பிளாஸ்டிக் மேல் வந்த பிடிப்பு. பாட்டிலை நசுக்கி, சத்தத்தை வைத்தே 'இது பெட்' (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் வகை) என்கிறான். பாட்டில் துண்டு மூழ்கும், அதன் மூடி மிதக்கும் என்று வீட்டு பக்கெட்டில் போட்டு அம்மாவுக்குக் காட்டினான், அவன் ஒன்றை விளக்கிச் சொல்லிக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

இன்னொன்று, தூசி. இரண்டாவது வாரமே இருமல் வந்துவிட்டது. யாரையாவது சேர்ப்பதாக இருந்தால் முகக்கவசமும் டிடி ஊசியும் (டெட்டனஸ் தடுப்பூசி) முதல் நாளே பாருங்கள், சிரிஞ்சு, பிளேடு எல்லாம் உலர்கழிவோடு கலந்து வருகிறது.