போட்டோடயோடில் வெளிச்சம் கூட்டினாலும் வோல்ட் ஏறவில்லையே, ஏன்?

கம்பிச்சுருள்:
பிபிடபிள்யூ34 என்ற போட்டோடயோடு (வெளிச்சம் பட்டால் கரண்ட் தரும் டயோடு) ஒன்றை மல்டிமீட்டரில் நேரடியாக மாட்டிப் பார்த்தேன். மேசை விளக்குக்கு எதிரே 0.3 வோல்ட்டுக்குப் பக்கம் காட்டுகிறது, சரி, விளக்கை ஒட்டிக் கொண்டுபோனால் பல மடங்கு ஏறும் என்று பார்த்தால் கொஞ்சம்தான் நகர்கிறது. இதை வைத்து வெளிச்சத்தை எப்படி அளப்பது? அப்புறம், எல்லா சர்க்யூட்டிலும் இதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களே, அப்படி மாட்டினால் டயோடில் கரண்ட் போகாதுதானே?

நேனோஆம்ப்:
வோல்ட்டை விடுங்கள், மீட்டரை மைக்ரோஆம்பில் வைத்துப் பாருங்கள், நீங்கள் எதிர்பார்த்த ஏற்றம் அங்கே இருக்கும். சிலிக்கானில் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலக்ட்ரானும் ஒரு துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) பிறக்கும், டயோடின் இரு பகுதிகள் சேரும் சந்தியில் ஏற்கெனவே இருக்கும் மின்புலம் இரண்டையும் எதிரெதிர் பக்கம் இழுத்துவிடும். அதுதான் கரண்ட், அது வெளிச்சத்துக்கு நேர்விகிதம். வெளியே போக வழியில்லாவிட்டால் அந்தக் கரண்ட் டயோடு வழியாகவே முன்னோக்கித் திரும்பி ஓடிவிடும், அதனால் வெளிச்சம் 10 மடங்கானால்கூட வோல்ட் ஏறுவது 60 மில்லிவோல்ட் அளவுக்குத்தான்.

தலைகீழாக மாட்டினால் போகாது என்பது இருட்டில் சரி (நேனோஆம்ப் கணக்கில் ஒரு கசிவு இருக்கும்). நமக்கு வேண்டியதே அதுதான், ஓடுவதெல்லாம் வெளிச்சம் கொடுத்தது என்று ஆகிறது. கரண்ட் அதனால் பெரிதாகக் கூடாது, வேகம்தான் கூடும், ஏனென்றால் சார்ஜைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டன்ஸ் குறைகிறது: இதில் 0 வோல்ட்டில் 70 பிகோஃபாரட், 3 வோல்ட் தலைகீழாகக் கொடுத்தால் 25.

கம்பிச்சுருள்:
தலைகீழாக 5 வோல்ட் கொடுத்து, தொடராக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டு அதன் குறுக்கே வோல்ட் பார்த்தேன். அறை வெளிச்சத்திலேயே 5 வோல்ட்டை ஒட்டி நின்றுவிட்டது, டிவி ரிமோட்டை நீட்டினாலும் அசையவில்லை.

பழைய_சால்டர்:
1 மெகாவில் 5 மைக்ரோஆம்ப் ஓடினாலே 5 வோல்ட் தீர்ந்துபோகும், அதற்கு அறை வெளிச்சமே போதும். தவிர 1 மெகாவும் டயோடின் 25 பிகோவும் சேர்ந்தால் வோல்ட் மாறவே 25 மைக்ரோ செகண்ட் அளவு ஆகும், ரிமோட்டின் 38 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 26தான், எங்கே பிடிக்கும்? 10 கிலோ ஓம் போடுங்கள். மங்கலான வெளிச்சம்தான் வேண்டும் என்றால் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்து அதன் ஃபீட்பேக்கில், அதாவது அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் வழியில், அந்த 1 மெகாவைப் போடலாம், மைக்ரோஆம்புக்கு 1 வோல்ட் கிடைக்கும், கூடவே சில பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும், இல்லாவிட்டால் அவுட்புட் தானாகவே ஆடி ஆசிலேட் ஆகித் தொலைக்கும்.

நேனோஆம்ப்:
லக்ஸ் மீட்டர் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) செய்யும் எண்ணம் இருந்தால் இந்த டயோடு வேண்டாம். இது அதிகம் உணர்வது 900 நேனோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கம், கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் எல்ஈடி விளக்குக்கும் பழைய குண்டு பல்புக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் காட்டும். கண்ணின் உணர்வுக்கு ஏற்ப ஃபில்டரோடு வரும் பிபிடபிள்யூ21 வாங்குங்கள்.