மார்கரெட் ரிவர்: ஒயின் குடிக்காதவளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

மதுரைக்காரி:
பிப்ரவரி கடைசியில் பெர்த்தில் அண்ணன் வீட்டுக்கு வருகிறோம். மார்கரெட் ரிவர் போகலாம் என்கிறார் என் கணவர். அவருக்கு ஒயின் பிடிக்கும், எனக்குப் பழக்கமில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?

பெர்த்வாசி:
ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். இரண்டு இரவாவது தங்குங்கள்.

தெற்குக்காற்று:
சகோதரி, சரியான நேரத்தில்தான் வருகிறீர்கள். ஆறு வருடமாக அந்தப் பருவத்தில் அங்கே கௌராமப் என்ற ஊர்ப் பக்கம் திராட்சை பறிக்கப் போகிறேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது மர்ரி மரத்தைத்தான். நம் தைலமரத்துக்கு உறவு. அது நன்றாகப் பூத்தால், சில்வர்ஐ குருவிகள் (நம் வெள்ளைக்கண்ணிக்குச் சொந்தம்) தேனுக்கு அங்கே போய்விடும். பூ குறைந்த வருடம் திராட்சையில் கூட்டமாக இறங்கும். பழத்துக்குப் பழம் ஒரு ஓட்டை. வரிசை வரிசையாக வலை போர்த்தி இழுத்ததில் என் விரலிடுக்கெல்லாம் கிழிந்திருக்கிறது.

1967இல் டாக்டர் டாம் கல்லிட்டி வாஸ் ஃபீலிக்ஸ் என்ற திராட்சைத் தோட்டம் போட்டார்; பிறகு இந்தக் குருவிகளை விரட்ட ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் அது பறந்தே போய்விட்டது. அந்தத் தோட்டத்து ஒயின் பாட்டிலில் இருக்கும் பறவை அதுதான்.

அப்புறம், ஷார்டொனே (வெள்ளை ஒயினுக்கான திராட்சை) கொத்து ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரே கொத்தில் கோலிக்குண்டு அளவிலும் மிளகு அளவிலும் பழம் இருக்கும். ‘கோழியும் குஞ்சும்’ என்பார்கள். இங்கே பரவலாக இருக்கும் ஜின்ஜின் ரகத்தின் குணம் அது. குஞ்சுப் பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம். நாக்கில் சுள்ளென்று இறங்கும். எனக்கு அதுதான் உயிர்.

மதுரைக்காரி:
ஆஹா! கடல் பக்கத்தில் இருப்பதால் என்ன லாபம்?

தெற்குக்காற்று:
வடக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் கடல். அதனால் கடும் பனியும் இல்லை, கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்களின் கடும் வெயிலும் இல்லை. மழை பெரும்பாலும் குளிர்காலத்தோடு சரி, அதனால் வறண்ட வெயிலில் பழம் நிதானமாகப் பழுக்கும். ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் 1965இலேயே இதையெல்லாம் கணக்குப் போட்டு எழுதினார். அதைப் படித்துத்தான் கல்லிட்டி போன்ற டாக்டர்கள் நிலம் தேடி வந்தார்கள்.

காரை நீங்களே ஓட்டுங்கள், உங்கள் கணவர் நிம்மதியாக ருசி பார்க்கட்டும். கேவ்ஸ் ரோட்டில் கண்ணாடியை இறக்கி வையுங்கள். மர்ரி பூத்திருந்தால் தேன் வாசம் காருக்குள்ளேயே வரும்.