‘வீச்சுத் திருத்தம்’ சரியா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு,

கோல்ஃப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் இயலை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ஏற்கெனவே ஆடிப் பழகிய ஒருவர் தம் ஸ்விங்கின், அதாவது மட்டையைப் பின்னே உயர்த்திப் பந்தின் மேல் கொண்டுவரும் அசைவின், நுட்பத்தை மாற்றிக்கொள்வது எப்படி என்பதுதான் அந்த இயல் முழுவதும். பிடியை மாற்றுவது, மட்டை செல்லும் தளத்தை மாற்றுவது, உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகும் நேரத்தை மாற்றுவது எல்லாம் அதில் வருகின்றன.

ஸ்விங்குக்கு ‘வீச்சு’ என்றும், இந்த மாற்றத்துக்கு ‘வீச்சுத் திருத்தம்’ என்றும் இதுவரை 40 இடங்களில் எழுதிவிட்டேன். இப்போது இரண்டிலுமே ஐயம். ‘வீச்சு’ என்றதும் படிப்பவர் மனம் கிரிக்கெட் பந்துவீச்சுக்குப் போய்விடுகிறது. அதோடு, நேற்று ‘வீச்சின் வீச்சைக் குறைக்கவும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். காலையில் எடுத்துப் படித்தபோது எனக்கே பொருள் விளங்கவில்லை. உதவுங்கள்.

மடல் 2: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம். எனக்கும் ‘வீச்சு’ இடறுகிறது, ஆனால் காரணம் வேறு. பாடநூலில், ஊசலின் குண்டு நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறதோ அந்த அளவுக்குப் பெயர் வீச்சு. அதையே அசைவு முழுவதற்கும் பெயராக வைத்தால் ‘வீச்சின் வீச்சு’ வந்தே தீரும்.

‘ஊசல்’ என்று சொல்லலாமா என்றால், அதுவும் ஒட்டாது. ஊசல் தன் எடையால் தானே ஆடுவது. கோல்ஃபில் இடுப்பும் தோளும் கையும் சேர்ந்து மட்டையை முடுக்குகின்றன. குழிக்கு அருகே பந்தை உருட்டிவிடும் அடிக்கு மட்டும் ஊசல் அழகாகப் பொருந்தும். முதுகெலும்பை அச்சாகக் கொண்டு உடல் திரும்புவதால் ‘சுழற்று’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

மடல் 3: புலவர்

அன்பர்களே,

வீசினால் கையை விட்டுப் போய்விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கை வீசி நடக்கிறோம், வாள் வீசுகிறோம், சாமரம் வீசுகிறோம். பேசு, பேச்சு, வீசு, வீச்சு. சொல்லாக்கத்தில் பழுதே இல்லை. ஆயினும் இதைவிடக் கூர்மையான சொல் நம்மிடம் இருக்கிறது: ஓச்சு.

‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்பது குறள் 562. கடுமையாக ஓங்கி, மெல்ல அடி என்று பொருள். தண்டிக்கும் கோலை மேலே கொண்டுபோவதற்கு ஒரு வினை, கீழே இறக்குவதற்கு வேறொரு வினை என்று வள்ளுவர் ஒரே அடியை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டார். உங்கள் கையேட்டில் பின்வீச்சு, கீழ்வீச்சு என்றெல்லாம் ஒட்டுப்போட்டிருப்பீர்கள். மட்டையைப் பின்னே உயர்த்துவது ஓச்சு, பந்தின் மேல் இறக்குவது எறி. இவ்வளவு போதும்.

வேரையும் பாருங்கள். ஓங்கு என்பது தன்வினை, ஓக்கு என்பது பிறவினை. நீங்கு, நீக்கு போல. ஓக்கு என்பதில் ககரம் சகரமாகத் திரிந்து ஓச்சு ஆனது. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி என்று வருவதைப் போல. கோலும் ஓச்சும் சேர்ந்தே பிறந்தவை. ‘கோலோச்சினான்’ என்கிறோம் அல்லவா? கோல்ஃப் என்ற பெயரிலேயே நம் கோல் ஒலிப்பதைக் கவனியுங்கள்.

மடல் 4: இயற்பியல் ஆசிரியர்

புலவர் ஐயாவுக்கு, மரியாதையுடன் ஒரு மறுப்பு. ஒலி ஒத்திருப்பது வேர் ஆகாது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457ஆம் ஆண்டிலேயே இந்த ஆட்டத்தைத் தடைசெய்திருக்கிறது. பெயரைத் தடியைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு இணைத்துப் பார்ப்பது வழக்கம். நம் கோலை அங்கே நட வேண்டாம். மேலும் ‘கோலோச்சினார்’ என்று எழுதினால் அவர் ஆட்சி நடத்தினார் என்றுதான் தமிழர் எவரும் படிப்பார்.

மடல் 5: பயிற்சியாளர்

நான் மைதானத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொடுப்பவன். இலக்கணம் அதிகம் தெரியாது. ஆனால் எந்தச் சொல்லைக் கேட்டால் கை என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன்.

‘ஓச்சு’ என்றால் மாணவர் என் முகத்தைப் பார்ப்பார். ‘ஓங்கு’ என்றால் புரியும், ஆனால் தோளை இறுக்கிக்கொண்டு ஓங்குவார். ஓங்கி அடிப்பது என்றாலே நமக்குக் கோபம் கூடவே வந்துவிடுகிறது. குறள் சொல்வது அரசனுக்கு. கோல்ஃபுக்கு அது நேர் எதிர்: மெல்ல ஓச்சிக் கடிது எறிய வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம், மட்டை மேலே போக எடுக்கும் நேரம் அது பந்தை வந்தடையும் நேரத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ‘சுழற்று’ என்று சொன்னால் கம்பைத் தலைக்கு மேல் சுற்றுவார்கள். எனக்கு வீச்சு போதும். நீளத்துக்கு ‘வீச்சின் அளவு’ என்று எழுதுங்கள், குழப்பம் தீர்ந்தது.

என் மனத்தாங்கல் எல்லாம் ‘திருத்தம்’ மீதுதான். வலக்கைக்காரர் ஒருவருக்குப் பந்து எப்போதும் வலப்புறம் வளைந்தோடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மட்டை வெளியிலிருந்து உள்ளே, இலக்குக்கு இடப்புறமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. மட்டை முகமோ, அதாவது பந்தைத் தொடும் பக்கமோ, அந்தப் பாதைக்கு வலப்புறம் திறந்து கிடக்கிறது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள விலகல் வளைவைத் தீர்மானிக்கிறது. நான் முதலில் பிடியை மாற்றுகிறேன். முகம் சற்று மூடி, பாதையோடு ஒத்துவருகிறது. வளைவு நின்றுவிடுகிறது. ஆனால் பாதை இன்னும் மாறவில்லையே! பந்து நூல் பிடித்தாற்போல் இடப்புறத்து மரங்களுக்குள் போகிறது.

முன்பு வலப்புறம் வளைந்தாலும் ஓரப் புல்லிலாவது பந்து கிடைத்தது. ‘திருத்தம்’ செய்த பிறகு பந்தே கிடைக்கவில்லை. மாணவர் அன்று மாலையே பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார். இப்படிச் சிலரை நான் இழந்திருக்கிறேன், அது இன்றும் வலிக்கிறது. அடுத்த அடி சரியாக இருக்கும் என்று அந்தச் சொல் வாக்குக் கொடுத்துவிடுகிறது. பாதையையும் மாற்றும் வரை அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று. தவறு இருப்பவர் மட்டுமா மாற்றுகிறார்? டைகர் உட்ஸ் 1997 மாஸ்டர்ஸ் போட்டியை, அடுத்தவரைவிட 12 முறை குறைவாகப் பந்தை அடித்து, அதாவது 12 அடி வித்தியாசத்தில், வென்றார். அதன் பிறகுதான் பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு தம் வீச்சைப் பிரித்து மேய்ந்தார். 1998இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. 2000இல் அமெரிக்க ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் வென்றார். அவர் திருத்தியது எந்தப் பிழையை?

மடல் 6: பிழை திருத்துபவர்

பயிற்சியாளர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன மாணவரை என்னால் கண்முன் பார்க்க முடிகிறது. ஆனால் குற்றவாளி அந்தச் சொல் இல்லை. திருத்தம் என்றாலே பிழை என்று ஆக்கியது எங்களைப் போன்ற அச்சகத்துக்காரர்கள்தான். சங்கப் பாடல்களில் ‘திருந்திழை’ என்றால் செவ்விதாகச் செய்த நகை, பழுது நீக்கிய நகை அன்று. நிலத்தைத் திருத்துகிறோம், கூந்தலைத் திருத்துகிறோம். இருப்பதை இன்னும் செம்மையாக்குவதே திருத்துதல். உட்ஸ் செய்ததும் அதுதான். ‘காடு திருத்தி நாடாக்கி’ என்று பட்டினப்பாலையே சொல்கிறது.

புலவர் ஐயாவுக்கும் ஒன்று. கிவி, செவி மாற்றம் சொல் முதலில், இகர எகரங்களுக்கு முன்னால் நிகழ்வது. ஓக்கு என்பதன் நடுவில் ஓகாரத்தை அடுத்து அது எப்படி வந்தது?

மடல் 7: புலவர்

அம்மா, பட்டினப்பாலையில் இருப்பது ‘காடு கொன்று நாடாக்கி’. திருத்தி என்று இல்லை. உங்கள் கருத்து அதனால் கெடவில்லை, மேற்கோள் மட்டுமே கெட்டது. ஓக்கு, ஓச்சு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. உடனே விடை சொல்ல முடியவில்லை. இரண்டையும் வெவ்வேறு வினைகளாகவே வைத்துக்கொண்டாலும் என் முன்மொழிவு நிற்கும்.

பயிற்சியாளர் சொன்ன மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, உயிரளபெடைக்கு மூன்று. ‘ஓஒதல் வேண்டும்’ என்ற குறளின் முதல் சீரை நினையுங்கள். ‘ஓஒ’ என்று அளபெடுத்து மட்டையை உயர்த்தி, ‘து’ என்ற ஒற்றைக் குறிலில் பந்தைத் தொட வேண்டும். மாணவருக்கு எண்ணிச் சொல்ல இதைவிட எளிய அளவு வேறு எங்கே கிடைக்கும்?

மடல் 8: பயிற்சியாளர்

புலவர் ஐயா, காலையில் செய்து பார்த்தேன். மேலே போகும்போதே அவசரப்பட்டு, பாதி உயரத்திலிருந்து மட்டையை இறக்கிவிடும் மாணவர் ஒருவர் இருக்கிறார். ‘ஓஒ... து’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். முதல் ஐந்து அடிகளில் மட்டை புல்லைத்தான் பெயர்த்தது. ஆறாவது அடியில் ‘ஓஒ’ முடியும் வரை கை காத்திருந்தது, முதுகு முழுவதும் இலக்குப் பக்கம் திரும்பிய பிறகே மட்டை இறங்கியது. இதை இனி விடமாட்டேன். நன்றி. ஆனாலும் ‘ஓச்சு’ வேண்டாம்.

மடல் 9: மொழிபெயர்ப்பாளர்

நாளை வெள்ளி. இடையில் இன்னொரு முள்ளும் தைத்துவிட்டது. மூலத்தில் பிடி இரண்டு வகை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘வலுவான பிடி’, ‘வலுவற்ற பிடி’ என்று ஆகும். ஆனால் இறுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கைகள் மட்டைத் தண்டின் மேல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதுதான் செய்தி. ‘வலப்பிடி’ என்றால் இடக்கைக்காரர்களுக்குத் தலைகீழாகிவிடும். இலக்குப் பக்கத்துக் கையை ‘முன்கை’ என்று எழுதப்போய், அது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி என்று நினைவு வந்து அடித்துவிட்டேன்.

மடல் 10: பயிற்சியாளர்

நல்லவேளை கேட்டீர்கள். ‘வலுவான பிடி’ என்று அச்சாகியிருந்தால் எல்லோரும் மட்டையின் கழுத்தை நெரித்திருப்பார்கள். கைகள் இலக்கை விட்டு விலகித் திரும்பியிருந்தால் ‘விலகுபிடி’, இலக்கை நோக்கித் திரும்பியிருந்தால் ‘நோக்குபிடி’. எந்தக் கைக்காரருக்கும் இது பொருந்தும். குனிந்து பார்த்தால், விலகுபிடியில் இலக்குப் பக்கத்துக் கையின் விரல் முட்டிகள் மூன்று வரை தெரியும். நோக்குபிடியில் ஒன்று தெரிந்தால் அதிகம்.

மடல் 11: இயற்பியல் ஆசிரியர்

இரண்டும் வினைத்தொகை, இரண்டும் தெளிவு. எனக்கு முழுச் சம்மதம். பெரிய சொல்லுக்கு என் கடைசி முயற்சி ‘வீச்சு மறுவார்ப்பு’. உலோகத்தை உருக்கிய பிறகுதானே மீண்டும் வார்க்க முடியும்? இடையில் வடிவம் குலையும் என்ற எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கிறது.

மடல் 12: பயிற்சியாளர்

ஆங்கிலேய ஆட்டக்காரர் நிக் ஃபால்டோவுக்கு அது பொருந்தும். பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீச்சை அடியோடு மாற்றியமைத்தவர் அவர். 1987இல் முயர்ஃபீல்டில் ஓப்பன் பட்டம் வென்றபோது, கடைசிச் சுற்றின் 18 குழிகளிலும் ஒன்றுகூட மேலோ கீழோ போகாமல் ஒவ்வொரு குழிக்கும் வகுத்திருக்கும் நிர்ணய அடிகளிலேயே சரியாக முடித்தார். ஆனால் கட்டைவிரலை அரை விரற்கடை நகர்த்துவதையும் மறுவார்ப்பு என்றால் மாணவர் பயந்துவிடுவார். பெரியதற்கும் சிறியதற்கும் பொதுவாக, எந்த வாக்கும் கொடுக்காத ஒரு சொல் வேண்டும். ‘வீச்சு மாற்றம்’ என்றே எழுதுங்கள்.

மடல் 13: மொழிபெயர்ப்பாளர்

எண்ணிப் பார்த்ததில் ‘வீச்சு மாற்றம்’ மூவர், ‘வீச்சுத் திருத்தம்’ ஒருவர், ‘ஓச்சு மாற்றம்’ ஒருவர். இயற்பியல் ஆசிரியர் மறுவார்ப்பைக் கைவிட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். ‘வீச்சு மாற்றம்’ என்று அனுப்புகிறேன். பின்வீச்சு, கீழ்வீச்சு இருக்கட்டும். மாத்திரைக் கணக்கைப் பயிற்சியாளரின் குறிப்பாக ஒரு பெட்டிக்குள் சேர்க்கப் பதிப்பகத்தாரிடம் கேட்டிருக்கிறேன்.

மடல் 14: புலவர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. இரண்டு அசைவுகளுக்கு இரண்டு வினைகள் வைத்திருந்த மொழி, இனி ஒரே பெயருக்கு முன் ‘பின்’ என்றும் ‘கீழ்’ என்றும் ஒட்டிக்கொண்டு திரியப்போகிறது. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுதுவேன்.

மடல் 15: பிழை திருத்துபவர்

என் ஒற்றை வாக்கைத் திருத்தத்துக்கே போட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். ‘திருத்தம்’ என்று எழுதிய 40 இடங்களிலும் வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் ‘த்’ போட்டிருப்பீர்கள். ‘மாற்றம்’ என்று மாற்றும்போது அந்த ஒற்றையும் எடுத்துவிடுங்கள். ‘வீச்சுத் மாற்றம்’ என்று எங்காவது தங்கிவிடப்போகிறது. கோப்பை இன்றிரவு எனக்கு அனுப்பினால் காலைக்குள் பார்த்துத் தருகிறேன்.